தரவு வரும் பின்னே, திட்டம் வரும் முன்னே

உயிரிப் புள்ளியியல், அதாவது மருத்துவ ஆராய்ச்சிக்கான ஸ்டாட்டிஸ்டிக்ஸ், அதில் பிஎச்.டி. செய்வது பற்றி நெல்லைச் சீமை வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில். ஒரே மாதிரி வந்த கேள்விகளை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

எம் மவ எம்.எஸ்சி. ஸ்டாட்டிஸ்டிக்ஸ் முடிக்கப் போறா. அடுத்து பயோஸ்டாட்டிஸ்டிக்ஸ்ல பிஎச்.டி. படிப்பேன்னு ஒத்தக்கால்ல நிக்கா. இன்னும் எத்தன வருசம் ஆவும்? செலவு எவ்வளவு? முடிச்சா என்ன வேல கெடைக்கும்? பீடி சுத்திப் படிக்க வச்ச குடும்பம், யோசிச்சுத்தான் காலெடுத்து வைக்கணும்.
– முக்கூடல் வாசகி

அம்மா, முதலில் பணக் கணக்கைப் பார்த்துவிடுவோம். மத்திய அரசின் நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை) தகுதி பெற்றால் முதல் 2 ஆண்டுக்கு மாதம் 37,000 ரூபாய் கிடைக்கும். அதன் பிறகு மாதம் 42,000 ரூபாய். விடுதி கிடைக்காதவர்களுக்கு வீட்டு வாடகைப்படி தனி. 2023 ஜனவரியிலிருந்து இந்த விகிதம் நடப்பில் இருக்கிறது. இது இருந்தால் வீட்டிலிருந்து ஒரு பைசா போக வேண்டாம். இது இல்லாமல், கட்டணம் கட்டித் தனியார் நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் சேர்வதை உங்கள் நிலைமையில் நாங்கள் சிபாரிசு செய்ய மாட்டோம். முதல் முயற்சியில் ஜே.ஆர்.எஃப். வராவிட்டால், ஒரு வருடம் ஏதாவது ஆராய்ச்சித் திட்டத்தில் புள்ளியியல் உதவியாளராகச் சம்பளத்துக்குச் சேர்ந்துகொண்டு தேர்வை மறுபடி எழுதட்டும். அந்த வருடம் வீணாகாது. உண்மையான நோயாளித் தரவு எப்படி இருக்கும் என்று அங்கேதான் தெரியவரும்.

காலம்: பல்கலைக்கழக மானியக் குழுவின் (யு.ஜி.சி.) 2022 விதிப்படி குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 6 ஆண்டு. 3 ஆண்டில் முடிப்பவர்கள் அபூர்வம். 4 முதல் 5 ஆண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வேலை: இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நிறுவனங்கள், மருத்துவக் கல்லூரிகளின் சமூக மருத்துவத் துறை, புற்றுநோய்ப் பதிவேடுகள், சென்னை, பெங்களூரு, ஹைதராபாத்தில் மருந்துப் பரிசோதனைகளை நடத்தித் தரும் நிறுவனங்கள். மருத்துவக் கல்லூரியில் புள்ளியியலாளர் இடம் எண்ணி ஒன்றிரண்டுதான், காலியாவதும் அரிது. நிறுவனங்களில் இடம் அதிகம், ஆனால் அங்கே பெரும்பாலான வேலைக்கு எம்.எஸ்சி. போதும். ஓர் ஆராய்ச்சியை எப்படி நடத்த வேண்டும், எத்தனை பேரைச் சேர்க்க வேண்டும், எந்த நிலையில் நிறுத்த வேண்டும் என்று முடிவு சொல்லும் இடத்தில் உட்கார வேண்டுமானால்தான் பிஎச்.டி. தேவைப்படும். உங்கள் மகள் அந்த வேலைக்கு ஆசைப்படுகிறாளா, அல்லது கணினியில் கணக்குப் போடும் வேலையே போதுமா என்று அவளிடமே கேளுங்கள். இரண்டாவது என்றால் இந்த 5 வருடம் தேவையில்லை.

யு.ஜி.சி. நெட்டில் புள்ளியியல் பாடத்தைத் தேடினேன், காணவில்லை. எந்தத் தேர்வு எழுத வேண்டும்? எங்கெல்லாம் விண்ணப்பிக்கலாம்? கைடை எப்படித் தேர்ந்தெடுப்பது?
– அபிஷேகப்பட்டி மாணவர்

அதில் இல்லைதான். புள்ளியியல் மாணவர்கள் எழுத வேண்டியது சி.எஸ்.ஐ.ஆர். நெட்டில் கணித அறிவியல் தாள். மொத்தம் 200 மதிப்பெண், 3 மணி நேரம். ஏ பகுதியில் 20 கேள்விகளில் 15, பி பகுதியில் 40இல் 25, சி பகுதியில் 60இல் 20 எழுத வேண்டும். சி பகுதி மட்டும் 95 மதிப்பெண், கேள்விக்கு 4.75. அங்கே தவறான விடைக்கு மதிப்பெண் கழிப்பது கிடையாது. ஆனால் ஒன்றுக்கு மேற்பட்ட சரியான விடைகள் இருக்கும், அத்தனையையும் குறித்தால்தான் மதிப்பெண். மூன்றில் இரண்டைக் குறித்தால் பூஜ்யம்.

இந்தத் தாளில் கலப்பெண் பகுப்பாய்வு, அரூப இயற்கணிதம், டோபாலஜி எல்லாம் வரும். புள்ளியியல் மாணவர்கள் அதையெல்லாம் கட்டி அழ வேண்டாம். நான்காம் அலகான புள்ளியியல் முழுவதும், முதல் அலகிலிருந்து நேரியல் இயற்கணிதமும் மெய்ப் பகுப்பாய்வும் போதும். நம் பக்கத்துப் பிள்ளைகள் சறுக்குவது பெரும்பாலும் மெய்ப் பகுப்பாய்வில். தொடர்கள், ஒருங்கல், சீரான தொடர்ச்சி ஆகியவற்றை இளங்கலையில் தேர்வுக்காக மனப்பாடம் செய்துவிட்டு மறந்திருப்பார்கள். அதைத் திரும்ப எடுத்து, கணக்குப் போட்டே படியுங்கள். இது தேர்வுக்கு மட்டும் இல்லை. பிஎச்.டி. இரண்டாம் ஆண்டில் ஒரு மதிப்பீட்டு முறை பெரிய மாதிரியில் எங்கே போய் நிற்கும் என்று நிரூபிக்க உட்காரும்போது இதுதான் கைகொடுக்கும். கேட் தேர்விலும் புள்ளியியலுக்குத் தனித் தாள் இருக்கிறது. அதையும் எழுதி வையுங்கள்.

ஜே.ஆர்.எஃப். கிடைக்காமல் பிஎச்.டி. சேர்க்கைக்கு மட்டும் தகுதி பெற்றவர்களுக்கு, 2024 முதல் நெட் மதிப்பெண்ணுக்கு 70 சதவீதமும் நேர்காணலுக்கு 30 சதவீதமும் கொடுக்கிறார்கள். அந்தத் தகுதி ஓராண்டுக்குத்தான் செல்லும். வாங்கி வைத்துவிட்டு சும்மா இருந்தால் காலாவதியாகிவிடும்.

இடங்கள்: சென்னையில் தேசிய நோய்ப்பரவலியல் நிறுவனமும், சேத்துப்பட்டில் உள்ள தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனமும். வேலூர் சி.எம்.சி., புதுச்சேரி ஜிப்மர், பெங்களூரு நிமான்ஸ், டெல்லி எய்ம்ஸ், சண்டிகர் பி.ஜி.ஐ. ஆகியவற்றில் இதற்கெனத் துறைகள் உண்டு. மும்பையில் மக்கள்தொகை ஆய்வு நிறுவனம் இருக்கிறது. நமக்குக் கிட்டத்தில் திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம். ஆனால் அங்குள்ள அச்சுத மேனன் மையம் கொடுப்பது பொதுச் சுகாதாரத்தில் பிஎச்.டி. கணிதம் குறைவு, களம் அதிகம். தெரிந்து சேருங்கள்.

மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் புள்ளியியல் துறையிலேயே சேர்ந்து, வெளி நிறுவனத்திலிருந்து ஓர் இணை நெறியாளரை வைத்துக்கொள்ளவும் விதி இடம் கொடுக்கிறது. பாளையங்கோட்டையில் மருத்துவக் கல்லூரி இருக்கும்போது, கணித நெறியாளர் ஒருவர், மருத்துவ நெறியாளர் ஒருவர் என்று அமைத்துக்கொள்வது நல்ல ஏற்பாடு. இருவரையும் மாதம் ஒரு முறையாவது ஒரே மேசையில் உட்கார வைக்க முடியுமா என்று மட்டும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். முடியாவிட்டால் இடையில் நசுங்குவது நீங்கள்தான்.

கைடைப் பற்றி: பேராசிரியர் 8 பேர், இணைப் பேராசிரியர் 6 பேர், உதவிப் பேராசிரியர் 4 பேர் வரை வைத்துக்கொள்ளலாம். ஓய்வு பெற 3 ஆண்டுக்குள் இருப்பவர் புதிய மாணவரைச் சேர்க்க முடியாது. எண்ணிக்கையை விட முக்கியமான கேள்விகள் வேறு. கடந்த 5 ஆண்டில் அவரிடம் எத்தனை பேர் முடித்தார்கள்? அவர்களின் கட்டுரையில் முதல் பெயர் மாணவருடையதா? அவர் ஏதாவது ஓர் ஆய்வில் திட்டமிடும் நாளிலிருந்தே கூட இருக்கிறாரா, இல்லை, முடிந்துபோன தரவு மட்டும்தான் அவர் மேசைக்கு வருகிறதா? இந்தக் கடைசிக் கேள்விக்குக் கிடைக்கும் பதிலை வைத்தே முடிவெடுத்துவிடலாம். தரவு வந்த பிறகு சேர்க்கப்படும் புள்ளியியலாளரால், தவறான ஆய்வைச் சரியாக்க முடியாது; அது எதனால் தவறு என்று சொல்லத்தான் முடியும்.

எம்.எஸ்சி. விலங்கியல் படித்தேன். நோய்த் தரவுகளில் ஆர்வம். நேராக உயிரிப் புள்ளியியல் பிஎச்.டி. சேர முடியுமா?
– களக்காடு வாசகர்

சில பல்கலைக்கழகங்கள் தொடர்புள்ள பாடம் என்று சேர்த்துக்கொள்ளும். சேர்வது வேறு, தாக்குப்பிடிப்பது வேறு. உங்களை நீங்களே சோதித்துப் பார்க்க ஒரு கணக்கு: 40 பேரின் இரத்த மாதிரியில் 6 பேருக்கு ஒரு கிருமித் தொற்று. தொற்று விகிதத்தின் லைக்லிஹுட் சார்பை, அதாவது எந்த விகிதத்துக்கு இந்தத் தரவு எவ்வளவு பொருந்தும் என்று காட்டும் சார்பை, எழுதுங்கள். மடக்கை எடுத்து வகையிட்டு, 0.15 என்ற விடை அதிலிருந்து எப்படி வருகிறது என்று காட்டுங்கள். இரண்டாம் முறை வகையிட்டுத் திட்டப்பிழை (மதிப்பீடு மாதிரிக்கு மாதிரி எவ்வளவு ஊசலாடும் என்ற அளவு) 0.056 என்று கொண்டுவாருங்கள். அதிலிருந்து 95 சதவீத நம்பிக்கை இடைவெளி 3.9 முதல் 26.1 சதவீதம் வரை வரும்.

இதுவரை வந்தால் நல்லது. அடுத்த படி: நம்பிக்கை இடைவெளி போடும் இன்னொரு வழியான வில்சன் முறையில் அதே தரவுக்கு 7.1 முதல் 29.1 வரை வருகிறது. ஏன் இவ்வளவு வித்தியாசம்? 40 பேர் என்ற சிறிய மாதிரியில், விகிதம் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இருக்கும்போது, பரவல் ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். முதல் முறை அதைச் சமச்சீரானது என்று எடுத்துக்கொள்கிறது. திட்டப்பிழையையும் மதிப்பிட்ட 0.15ஐ வைத்தே போடுகிறது. இந்த விளக்கத்தைக் கேட்டதும் 'அட, இன்னும் சொல்லுங்கள்' என்று தோன்றினால் நீங்கள் இந்தத் துறைக்கு ஏற்ற ஆள்.

கணக்கு வரவில்லை, ஆர்வம் மட்டும் இருக்கிறது என்றால் முதலில் 2 ஆண்டு எம்.எஸ்சி. உயிரிப் புள்ளியியல் அல்லது எம்.பி.எச். (பொதுச் சுகாதார முதுகலை) படியுங்கள். தேவையான அடிப்படை: பல மாறிகள் கொண்ட நுண்கணிதம், அணிகள், நிகழ்தகவுக் கோட்பாடு, மதிப்பீடும் கருதுகோள் சோதனையும். இவை இல்லாமல் நேராகச் சேர்ந்தவர்கள், மென்பொருள் கொடுக்கும் அட்டவணையைப் படிக்கப் பழகுகிறார்கள். அந்த அட்டவணை பொய் சொல்லும் இடம் மட்டும் அவர்கள் கண்ணுக்குப் படுவதில்லை. உங்கள் விலங்கியல் அறிவு வீண் என்று நினைக்க வேண்டாம். கொசு, உண்ணி மூலம் பரவும் நோய்களின் தரவைப் புரிந்துகொள்ளக் கணிதம் மட்டும் படித்தவர் உங்களிடம்தான் வர வேண்டும்.

சமூக மருத்துவ மேற்படிப்பு ஆய்வு. பீடி சுற்றும் பெண்களிடம் உயர் இரத்த அழுத்தம் எத்தனை சதவீதம் என்று பார்க்கிறேன். 20 சதவீதம் இருக்கும், 5 சதவீதத் துல்லியம் வேண்டும் என்று வைத்து 246 பேர் என்று எழுதினேன். குழு திருப்பி அனுப்பிவிட்டது. எங்கே தப்பு?
– பாளையங்கோட்டை மருத்துவர்

246 என்ற எண்ணில் பிழை இல்லை. 1.96இன் வர்க்கத்தை 0.2, 0.8 ஆகியவற்றால் பெருக்கி, 0.05இன் வர்க்கத்தால் வகுத்தால் 245.9, மேலே முழுமையாக்கினால் 246. பிழை வேறு இடத்தில் இருக்கிறது. அந்தச் சூத்திரம் மாவட்டத்தில் உள்ள எல்லாப் பீடித் தொழிலாளர்களின் பெயரையும் ஒரு குடத்தில் போட்டுக் குலுக்கி எடுப்பதற்கானது. நீங்கள் செய்யப்போவது, சில கிராமங்களைத் தேர்ந்தெடுத்து ஒவ்வொன்றிலும் 20 பேரைப் பார்ப்பது. ஒரே ஊர்க்காரர்கள் ஒரே தண்ணீர், ஒரே உப்பு, ஒரே வேலை நேரம் என்று ஒருவரைப்போல் ஒருவர் இருப்பார்கள். இருபதாவது ஆள் புதிதாகச் சொல்லும் தகவல் குறைவு.

இதற்கு டிசைன் எஃபெக்ட் என்று ஒரு பெருக்கு எண் உண்டு. ஓர் ஊரில் எடுக்கும் எண்ணிக்கையில் ஒன்றைக் கழித்து, ஊருக்குள் இருக்கும் ஒற்றுமையின் அளவால் பெருக்கி, ஒன்றைக் கூட்ட வேண்டும். ஒற்றுமை 0.05 என்று கொண்டால் 19 பெருக்கல் 0.05, கூட்டல் 1, ஆக 1.95. 246ஐ இதால் பெருக்கினால் 480. வீட்டில் இல்லாதவர்கள், மறுப்பவர்கள் 10 சதவீதம் என்றால் 480ஐ 0.9ஆல் வகுக்க வேண்டும்: 534. பலர் 480உடன் 48ஐக் கூட்டி 528 என்று எழுதுகிறார்கள். 528இல் 10 சதவீதம் போனால் மிஞ்சுவது 475தான். 534 பேருக்கு 27 ஊர்.

அதையே ஊருக்கு 10 பேர் என்று மாற்றிப் பாருங்கள். டிசைன் எஃபெக்ட் 1.45 ஆகிறது, தேவை 357, இழப்பைச் சேர்த்தால் 397. ஆள் எண்ணிக்கை 137 குறைந்துவிட்டது. ஆனால் 40 ஊருக்குப் போக வேண்டும். முக்கூடலுக்கும் ஆலங்குளத்துக்கும் பஸ் ஏறி இறங்கும் நாட்களையும், ஒருவரைப் பரிசோதிக்க ஆகும் நேரத்தையும் வைத்து எது மலிவு என்று நீங்களே முடிவு செய்யலாம். இந்த இரண்டு கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் குழுவிடம் கொடுங்கள். பெரும்பாலும் மறு பேச்சு இருக்காது.

இன்னும் இரண்டு. '5 சதவீதத் துல்லியம்' என்பதை 15 முதல் 25 வரை என்று விளக்கி எழுதுங்கள். சிலர் அதை 20 சதவீதத்தில் 5 சதவீதம், அதாவது 19 முதல் 21 வரை என்று படித்துவிட்டால் தேவை 6,147 பேர் ஆகிவிடும். அடுத்தது பட்டியல். தொழிலாளர் அட்டைப் பட்டியலிலிருந்து ஆட்களைத் தேர்ந்தெடுத்தால், அடுத்தவர் அட்டையில் பீடி சுற்றிக் கொடுப்பவர்கள் அதில் வர மாட்டார்கள். வறுமையும் வயதும் அந்தப் பக்கம் கூடுதலாக இருந்தால் உங்கள் சதவீதம் சாயும். இதை எந்த மாதிரி அளவும் சரி செய்யாது. வீடு வீடாகப் பட்டியல் எடுங்கள்.

ஆய்வு முடிந்த பிறகு 'பவர்', அதாவது நிஜமான வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கும் வாய்ப்பு, எவ்வளவு இருந்தது என்று கணக்குப் போட்டு எழுதச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். அந்த எண் பி மதிப்பையே (வித்தியாசமே இல்லாவிட்டாலும் இப்படி ஒரு முடிவு வரும் வாய்ப்பு) வேறு வேஷத்தில் காட்டுவது. நம்பிக்கை இடைவெளியைக் கொடுத்தால் போதும்.

பிஎச்.டி. முதலாம் ஆண்டு. புதிய நிகழ்தகவுப் பரவல் ஒன்றை உருவாக்கி, ஏற்கெனவே உள்ள தரவுக்குப் பொருத்திக் காட்டலாம் என்று ஒரு யோசனை. நல்ல தலைப்பா?
– பேட்டை வாசகி

வேண்டாம் என்று நேரடியாகச் சொல்லிவிடுகிறோம். ஒரு பழைய பரவலில் கூடுதலாக ஓர் அளவுருவைச் சேர்த்துப் புதுப் பெயர் சூட்டி, 128 சிறுநீர்ப்பைப் புற்றுநோயாளிகளின் அதே பழைய தரவுக்குப் பொருத்தி, ஏ.ஐ.சி. (பொருத்தத்தை ஒப்பிடும் எண்; குறைந்தால் நல்லது) குறைந்தது என்று முடிக்கும் கட்டுரைகள் மலை போலக் குவிந்து கிடக்கின்றன. எந்த மருத்துவரும் அதை வைத்து ஒரு முடிவும் எடுத்ததாகத் தெரியவில்லை. பட்டம் கிடைக்கலாம். நேர்காணலில் 'இதனால் யாருக்கு என்ன தெரிந்தது?' என்று கேட்டால் பதில் இருக்காது.

நல்ல தலைப்பு, தரவில் ஒரு நிஜமான சிக்கலிலிருந்து பிறக்கும். நம் மாவட்டத்திலேயே காட்டுகிறோம். ஆரம்ப சுகாதார நிலையப் பதிவேட்டையும் பெரிய மருத்துவமனைப் பதிவேட்டையும் இணைக்க வேண்டும் என்று வையுங்கள். ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறார்கள். ஒரே இசக்கியம்மாள் ஓரிடத்தில் 'ஐ' (I) எழுத்தில் தொடங்குகிறார், இன்னோரிடத்தில் 'இ' (E) எழுத்தில். நடுவில் ஒரு 'எஸ்' இருக்கும், அல்லது இரண்டு. குடும்பப் பெயர் கிடையாது, தலைப்பெழுத்துதான். அது கல்யாணத்துக்குப் பின் மாறியும் இருக்கலாம். ஒரே ஊரில் அதே பெயரில் பத்துப் பேர். வயது 40, 45, 50 என்று முழு எண்களில் குவிந்திருக்கும். பெயர், வயது, ஊர் ஆகியவை ஒத்துப்போவதன் நிகழ்தகவை வைத்துப் பதிவுகளை இணைக்க 1969இலேயே ஃபெல்லெகி, சண்டர் இருவரும் ஒரு கோட்பாடு கொடுத்தார்கள். குடும்பப் பெயர் உள்ள நாடுகளின் பதிவேடுகளில் அது நன்றாக ஓடுகிறது. தலைப்பெழுத்துச் சமூகத்தில் அதன் எடைகள் எப்படி மாற வேண்டும், தவறாக இணைந்த பதிவுகள் பின்னால் வரும் ரெக்ரஷன் கணக்கை (ஒன்றுக்கு ஒன்று உள்ள தொடர்பை அளக்கும் கணக்கு) எந்தப் பக்கம் சாய்க்கும் என்று பார்ப்பது மூன்று கட்டுரைக்குத் தாங்கும் தலைப்பு.

இன்னொன்று. தென்காசி மாவட்டம் 2019 நவம்பர் 22இல் பிரிந்தது. அதற்கு முன்னும் பின்னும் 'திருநெல்வேலி மாவட்டம்' என்று வரும் நோய் எண்ணிக்கையை ஒரே வரிசையாக வைத்தால், 2020இல் நோய் திடீரென்று குறைந்தது போலத் தெரியும். குறைந்தது எல்லைக்கோடு. அதே சமயத்தில் கொரோனாவும் வந்ததால் எது எதன் விளைவு என்று பிரிப்பது கடினம். தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்று 2017 மார்ச் 31 நிலவரப்படியான 707 மாவட்டங்களை எடுத்துக்கொண்டது. ஆகவே அதில் வரும் திருநெல்வேலி, தென்காசியும் சேர்ந்த பழைய நெல்லை. எல்லை மாறும் சிறு பகுதிகளுக்கு நோய் விகிதத்தை மதிப்பிடுவதும் நல்ல தலைப்புதான்.

தேசியக் குடும்பநல ஆய்வின் தனிநபர் தரவை, ஆய்வு நோக்கத்தை எழுதி விண்ணப்பித்தால் இலவசமாகக் கொடுக்கிறார்கள். எடுத்தவுடன் செய்யும் தவறு, எடையைப் (ஒருவரின் பதிலுக்கு எவ்வளவு கனம் கொடுக்க வேண்டும் என்ற எண்) பயன்படுத்தாமல் சராசரி எடுப்பது. பெண்கள் கோப்பில் வி005 என்ற மாறிதான் எடை. தசமப் புள்ளி இல்லாமல் எழுதியிருப்பதால் அதைப் பத்து லட்சத்தால் வகுக்க வேண்டும். எடை மட்டும் போட்டு, வி021 என்ற முதன்மைக் கொத்தையும் வி022 என்ற அடுக்கையும் விட்டுவிட்டால் சதவீதம் சரியாக இருக்கும். திட்டப்பிழை தேவையைவிடச் சிறிதாகி, இல்லாத தொடர்பெல்லாம் இருப்பதாகக் காட்டும்.

ஆய்வேட்டின் உடம்பு பொதுவாக மூன்று: முறையும் நிரூபணமும், சிமுலேஷன் (கணினியில் உருவாக்கிய தரவில் முறையைச் சோதிப்பது), நிஜத் தரவில் பயன்பாடு. மாணவர்கள் அசட்டையாக இருப்பது சிமுலேஷனில். 95 சதவீத நம்பிக்கை இடைவெளி நிஜமாகவே 95 சதவீதம் பிடிக்கிறதா என்று 1,000 முறை ஓட்டினால், அந்த விடையின் திட்டப்பிழையே 0.69 சதவீதம். 94.2 வந்தால் முறை தவறு என்று சொல்ல முடியாது. அந்தத் திட்டப்பிழை அரை சதவீதத்துக்குள் வேண்டுமானால் 1,900 முறை ஓட்டுங்கள். விடை வராமல் நின்றுபோன ஓட்டங்களைச் சத்தமில்லாமல் விட்டுவிட்டு மிச்சத்துக்குச் சராசரி எடுக்காதீர்கள். நின்றுபோவது பெரும்பாலும் கடினமான தரவில்தான். அவற்றை நீக்கினால் உங்கள் முறை உள்ளதைவிட நல்லதாகத் தெரியும். எத்தனை நின்றன என்று அட்டவணையில் ஒரு பத்தி வையுங்கள். சமவாய்ப்பு எண்களின் தொடக்க விதையையும் குறித்து வையுங்கள். இரண்டு வருடம் கழித்து மதிப்புரையாளர் கேட்பார்.

கல்லூரியில் வேலை பார்க்கிறேன், கைக்குழந்தை இருக்கிறது. பகுதி நேரமாகச் செய்ய முடியுமா?
– சங்கரன்கோவில் விரிவுரையாளர்

முடியும். வேலை செய்யும் இடத்திலிருந்து ஆட்சேபணை இல்லை என்ற சான்று வேண்டும். பெண்களுக்கு 6 ஆண்டுக்கு மேல் கூடுதலாக 2 ஆண்டு தளர்வு உண்டு. மறுபதிவையும் சேர்த்தால் மொத்தம் 10 ஆண்டு வரை போகலாம். மகப்பேறு, குழந்தை வளர்ப்பு விடுப்பாக மொத்தக் காலத்தில் 240 நாள் வரை கிடைக்கும். வகுப்புப் பாடம் 12 முதல் 16 கிரெடிட்; அதில் ஆய்வு நெறிமுறைப் பாடம் கட்டாயம், 55 சதவீதம் எடுக்க வேண்டும். அந்தப் பருவத்தில் மட்டும் உங்கள் கல்லூரி நேர அட்டவணையைத் தளர்த்தித் தருமா என்று முன்பே எழுத்தில் வாங்கிவிடுங்கள். தொலைநிலைக் கல்வியில் பிஎச்.டி. செல்லாது, விளம்பரத்தை நம்ப வேண்டாம்.

அமெரிக்காவில் அரசு பயிற்சி நிதியோடு உயிரிப் புள்ளியியல் பிஎச்.டி. இருக்கிறதாமே. நமக்குக் கிடைக்குமா?
– அம்பாசமுத்திரம் மாணவி

நீங்கள் கேள்விப்பட்டது அந்நாட்டுத் தேசிய சுகாதார நிறுவனங்களின் டி32 பயிற்சி நிதி. அது அமெரிக்கக் குடிமக்களுக்கும் நிரந்தரக் குடியிருப்பு உரிமை உள்ளவர்களுக்கும் மட்டும். மனம் தளர வேண்டாம். அதே துறைகளில் வெளிநாட்டு மாணவர்களை ஆராய்ச்சி உதவியாளராகவோ கற்பித்தல் உதவியாளராகவோ எடுத்து, கட்டணத்தைத் தள்ளுபடி செய்து மாத உதவித்தொகையும் தருவார்கள். சேர்க்கைக் கடிதத்தில் எத்தனை ஆண்டுக்கு உறுதி, கோடையிலும் உண்டா, மருத்துவக் காப்பீடு சேர்ந்ததா என்று மூன்றையும் பாருங்கள்.

அங்கே முதல் 2 ஆண்டு வகுப்பும் அதன் பின் ஒரு தகுதித் தேர்வும் இருக்கும். அதில் தவறினால் முதுகலைப் பட்டத்தோடு அனுப்பிவிடுவார்கள். பெரும்பாலான துறைகளில் டிசம்பரில் விண்ணப்பம் முடியும். உதவித்தொகையோடு இடம் கிடைத்தால் ஏப்ரல் 15 வரை யோசிக்க அவகாசம் தருவது பெரும்பாலான பல்கலைக்கழகங்களின் வழக்கம். அதற்கு முன்பே பதில் சொல் என்று நெருக்கினால், அந்தத் தேதியைச் சுட்டிக்காட்டிப் பணிவாக எழுதலாம். மெய்ப் பகுப்பாய்வு மதிப்பெண்ணையும், பரிந்துரைக் கடிதத்தில் நீங்கள் செய்த வேலை குறிப்பாகச் சொல்லப்பட்டிருக்கிறதா என்பதையும் கூர்ந்து பார்ப்பார்கள். 'ஒழுக்கமான மாணவி' என்ற கடிதத்தால் பயனில்லை.

மருத்துவ மாணவர்களின் தீசிஸுக்கு எஸ்.பி.எஸ்.எஸ். மென்பொருளில் கணக்குப் போட்டுக் கொடுக்கிறேன். கட்டுரையில் என் பெயர் வருவதில்லை. கேட்கலாமா?
– வண்ணார்பேட்டை வாசகர்

கேட்கலாம், ஆனால் தகுதியைப் பார்த்து. மருத்துவ இதழ் ஆசிரியர்களின் பன்னாட்டுக் குழு நான்கு நிபந்தனை வைத்திருக்கிறது: திட்டத்திலோ பகுப்பாய்விலோ கணிசமான பங்கு, எழுதுவதிலோ திருத்துவதிலோ பங்கு, இறுதி வடிவத்துக்கு ஒப்புதல், உள்ளடக்கத்துக்குப் பொறுப்பு. நான்கும் வேண்டும். கொடுத்த அட்டவணையை ஓட்டிக் கூலி வாங்கினால் நன்றியுரையில் ஒரு வரிதான் நியாயம். முறைப் பகுதியை நீங்கள் எழுதி, கேள்வி வந்தால் பதில் சொல்லவும் தயாராக இருந்தால் பெயர் உங்கள் உரிமை. வேலை தொடங்கும் முன் மின்னஞ்சலில் எழுதி வாங்குங்கள்.

ஒரு விஷயம் கவனியுங்கள். 60 சதவீதம் பேர், 40 சதவீதம் பேர் என்று இரு குழுவில் பாதிப்பு இருக்கும்போது ஆபத்து 1.5 மடங்கு. லாஜிஸ்டிக் ரெக்ரஷன் கொடுக்கும் ஆட்ஸ் விகிதம் (60க்கு 40 என்பதை 40க்கு 60 என்பதால் வகுப்பது) 2.25. அதை '2.25 மடங்கு ஆபத்து' என்று மருத்துவர் எழுதிவிடுவார். பெயர் போட்டுக்கொண்டால் அந்த வரிக்கும் நீங்கள்தான் பொறுப்பு.

எந்த மென்பொருள் கற்பது? மருத்துவமனைத் தரவை எக்செல்லில் வாங்குவதில் ஏதாவது கவனம் வேண்டுமா?
– வள்ளியூர், கடையநல்லூர் வாசகர்கள்

ஆர் (R) என்ற மென்பொருள் இலவசம், ஆராய்ச்சிக்கு அதுவே போதும். மருந்து நிறுவன வேலை நோக்கம் என்றால் சாஸ் (SAS) மென்பொருளும் வேண்டும். கற்பவர்களுக்கு இணையம் வழி இலவசப் பதிப்பு தருகிறார்கள்.

எக்செல்லில் நடக்கும் விபத்துகள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான். நோயாளி எண்ணின் முன்னால் உள்ள பூஜ்யங்கள் காணாமல் போகும். அமெரிக்கத் தேதி அமைப்பில் உள்ள கணினியில் 05/06/2024 என்பது மே 6 ஆகிவிடும். 13/06/2024 அப்படி மாற வழியில்லாமல் வெறும் எழுத்தாக நிற்கும். ஒரே பத்தியில் பாதி தேதி, பாதி எழுத்து என்று கண்டால் மூலப் பதிவேட்டுக்கே திரும்பிப் போங்கள், ஊகித்துத் திருத்தாதீர்கள். 'தகவல் இல்லை' என்பதற்கு 999 என்று போட்டிருப்பார்கள். 200 பேரில் 4 பேருக்கு அப்படி இருந்து, மற்றவர்களின் சர்க்கரை சராசரி 140 என்றால், மொத்தச் சராசரி 157 என்று வரும். அது நம்பக்கூடிய எண்ணாக இருப்பதால்தான் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். எந்தப் பத்தியிலும் முதலில் மிகச் சிறியதையும் மிகப் பெரியதையும் பாருங்கள்.

வந்த கோப்பைப் படிக்க மட்டும் என்று பூட்டி வைத்துவிட்டு, எல்லாத் திருத்தத்தையும் நிரலில் எழுதுங்கள். பெயர், தொலைபேசி, ஆதார் எண் உள்ள பத்திகளை மருத்துவமனையிலேயே நீக்கச் சொல்லி, ஆய்வு எண்ணோடு மட்டும் வாங்குங்கள். எண்ணையும் பெயரையும் இணைக்கும் பட்டியல் அவர்களிடமே இருக்கட்டும். பழைய பதிவேடுதானே என்று எத்திக்ஸ் கமிட்டியைத் தாண்டிப் போகக் கூடாது. நோயாளிகளிடம் ஒப்புதல் வாங்குவதிலிருந்து விலக்குக் கொடுக்கும் அதிகாரம் கமிட்டிக்குத்தான் உண்டு, ஆய்வாளருக்கோ துறைத் தலைவருக்கோ கிடையாது. ஒப்புதல் கடிதத்தில் இருக்கும் தேதி, தரவு உங்கள் கைக்கு வந்த தேதிக்கு முந்தியதாக இருக்க வேண்டும்.